நிற்காத கோடு

பாப்பாவின் மூச்சு நின்றது. திரையில் கோடு நிற்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் அப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். ராத்திரி முழுக்கப் பேருந்து ஓட்டிவிட்டு வந்தவன். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல் எரிந்தது. அவள் அம்மா வேலை முடிந்து வர இருட்டிவிடும். திரைச்சீலை இழுத்துவிட்ட மத்தியான அறையில் மின்விசிறியின் கறகற, தைல வாசனை, நாலு வயதுக் குழந்தையின் வியர்த்த தலைமுடி வாசனை, வெளியே யாரோ பக்கெட்டை உருட்டும் சத்தம் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. பாப்பாவின் வாய் பாதி திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. அவன் மடியிலிருந்த திரையில் மட்டும் பச்சைக் கோடு ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு பாப்பா ஒரு கேவலோடு மூச்சை இழுத்தாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மெத்தைக்கு அடியில் போட அந்த மெல்லிய விரிப்பையும், அதோடு சேர்ந்த இந்தத் திரையையும் கொடுத்தனுப்பும்போது டாக்டர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! "ஊசி இல்ல, ஒயர் இல்ல. மெத்தை அசையறதை வச்சே மூச்சைக் கண்டுபிடிச்சிரும். நடுவுல நிக்கிறது பதிவாச்சுன்னா தொண்டையில ஒரு சின்ன ஆபரேஷன். ஆகலைன்னா அதுவும் வேண்டாம்." ஆகவில்லை. முதல் தடவை ஒரு நிறுத்தம்கூடப் பதிவாகவில்லை. மூச்சு நிற்பதைக் காதால் கேட்ட அப்பன் பொய், விரிப்பு நிஜம். சோதனைக்கூடத்துப் பெண் போனில் சிரித்தாள்.

"பக்கத்துல படுத்துட்டீங்களா சார்? பெரியவங்க மூச்சு ஒண்ணு கலந்திருக்கு."

"இல்லம்மா. நாற்காலியிலதான் இருந்தேன்."

"எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்வாங்க. தூக்கக் கலக்கத்துல எப்ப சாஞ்சீங்கன்னு உங்களுக்கே தெரியாது. இந்தத் தடவை படுக்கையில பாப்பா மட்டும்தான் இருக்கணும், சரியா?"

படுத்தாலும் படுத்திருப்பேன் என்று அவனே நம்பிவிட்டான். அவ்வளவு அசதி. அதனால்தான் இன்று நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவையும் பதிவாகாவிட்டால் ஆபரேஷன் கிடையாது. என்றாவது ஒரு நாள் அந்த மூச்சு திரும்பி வராமலே போய்விடும்.

மறுபடி நின்றது.

கோடு ஏறியது, இறங்கியது. முன்னைவிட நிதானமாக. நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து காலை நீட்டியவன் விடுகிற மூச்சு அது. அவன் தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். கோடு அடங்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினான். அப்போதும் இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். ஒரு செருப்பு, ஒரு பந்து, தூசி.

"பாப்பா. ஏய் கண்ணு, திரும்பிப் படும்மா."

அசையவில்லை. கேவல் வரவில்லை. உதட்டோரம் நீலம் பாய்ந்தது. சோதனையாவது மண்ணாங்கட்டியாவது! திரையைத் தரையில் போட்டுவிட்டு அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். முதுகைத் தட்டினான். உலுக்கினான். தலை துவண்டு விழுந்தது.

"மூச்சு விடும்மா! அப்பா சொல்றேன்ல, விடும்மா!"

அப்போது கேட்டது. மூக்கடைத்த, முடிவில் விசிலடிக்கிற சின்னக் குறட்டை. அவனுக்கு மனப்பாடமான குறட்டை. பாப்பாவுடையதுதான்.

காலி மெத்தையிலிருந்து வந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஓட ஓட அந்தக் குறட்டை பின்னால் தேய்ந்தது. தோளில் கிடந்த உடம்பு குளிர்ந்தது. கதவுப் பிடியில் கை வைத்தவன் நின்றான். அவள் மூச்சு அந்த மெத்தையில்தான் கிடந்தது. வேறு வழி தெரியவில்லை. திரும்பி வந்து அவளை மெத்தையில் கிடத்தினான்.

மார்பு ஏறியது.

தூக்கினான். நின்றது. கிடத்தினான். ஏறியது.

கட்டிலோரம் மண்டியிட்டு அழுதான். "இங்கயே தூங்கு கண்ணு. அப்பா தூக்கல. தூக்கவே மாட்டேன்."

பாப்பாவுக்குப் பக்கத்தில் மெத்தை மெல்ல, ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கியது. கண்ணைத் திறக்காமலே அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.