பாலத்தடித் தண்ணீர்

மீட்டரில் எண் நிற்கவில்லை. ஓடையில் கருவியின் முனையை இறக்கினால், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அளவு சற்றுத் தடுமாறிவிட்டு ஓரிடத்தில் அடங்கிவிடும். இன்று அது மெல்ல ஏறியது, கொஞ்சம் தயங்கியது, மெல்ல இறங்கியது, மறுபடி ஏறியது. பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். அப்படியேதான். பாலத்தடியில் அழுகிய இலையும் ஈர இரும்பும் கலந்த வாடை அடித்தது. தவளைகூடக் கத்தவில்லை.

"மேடம், மழை வருது. போலாமா?" மேலிருந்து ஜீப் டிரைவர் கூப்பிட்டார்.

"இதோ வந்துட்டேன்."

ஓடை நெடுக அவள் மாதிரி எடுக்கும் இடங்களில் இது ஒன்றுதான் எப்போதும் வம்பு. மற்ற இடங்களில் எண்கள் ஒழுங்காக வரும். இங்கே மட்டும் ஒரு மீன்குஞ்சுகூடப் பிழைக்க முடியாத அளவு. போன முறை அறிக்கை அனுப்பிய நாளில் அதிகாரி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஒரு இடத்தால மொத்த சராசரியும் கெடுதும்மா. கருவிக் கோளாறுன்னு போட்டுத் தள்ளிடு. புள்ளியியல்ல அதுக்கு வழி இருக்கே."

வழி இருந்தது. ஒட்டாமல் விலகி நிற்கும் எண்ணைக் காரணம் காட்டி நீக்கலாம். காரணம்தான் பொய். நீக்கினாள். சராசரி அழகாக வந்தது. அந்த அறிக்கையை நம்பி ஓடைத் தண்ணீரைக் குழாய் வழியாக வீடுகளுக்கு விட்டார்கள், அவள் வீட்டுக்கும். பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கே தண்ணி வந்துடுச்சு, எல்லாம் உன்னாலதான்" என்றபோது அவளுக்குக் காது மடல் சுட்டது.

இன்று மீட்டரைப் பைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விளையாடிவிட்டு வந்த மகள் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கம்மா டெஸ்ட் பண்ண தண்ணின்னு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

குடிக்காதே என்று சொல்ல வாய் திறந்தாள். ஏம்மா என்று மகள் கேட்பாள். நீக்கிய எண்ணைச் சொல்ல வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டாள். மகள் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, சோபாவில் போய்ச் சுருண்டாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சமையலறை இருண்டது. விளக்கைப் போடாமலே, குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்த குடத்துக்குள் மீட்டரின் முனையை இறக்கினாள்.

ஏறியது. தயங்கியது. இறங்கியது.

மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். கூடத்திலிருந்து. மகளின் மூச்சு. குடத்தருகே நின்றவளின் கண் எண்ணின் மேலேயே இருந்தது. எண் ஏறும்போது மூச்சு உள்ளே போனது. இறங்கும்போது வெளியே வந்தது.

பிறகு மூச்சுச் சத்தம் நின்றது.

எண் நிற்கவில்லை.

அவள் மனதில் முதலில் வந்தது மகள் அல்ல. இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் வந்தது. அதை நினைத்ததற்காகவே கூனிக் குறுகியபடி கூடத்துக்கு ஓடினாள்.

"பாப்பா."

அசைவில்லை.

"பாப்பா, அம்மாவப் பாரு."

மகள் கண்ணைத் திறந்தாள். அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

வாய் நிறையத் தண்ணீர். கறுப்பாக. உதடுவரை ததும்பி, ஒரு சொட்டும் சிந்தாமல்.

அழுகிய இலை வாடை. ஈர இரும்பு வாடை.

நெஞ்சு அசையவில்லை. தண்ணீர் மட்டும் மெல்ல ஏறியது. தயங்கியது. இறங்கியது.