எண்ணூறு சுற்றுக்கும் அசையாத முள்

"காயில் செத்துப்போச்சு சார்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் உள்ளே வந்தாள். காய்ச்சல் விட்ட முகம் இன்னும் வெளுத்துக் கிடந்தது. இயற்பியல் பேராசிரியர் செய்தித்தாளைக் கீழே போட்டார். அவருடைய இரண்டாம் ஆண்டு மாணவி அவள். மறுநாள் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி, அதற்குப் பொறுப்பு அவர்தான். அதில் வைக்க அவள் சுற்றிய கம்பிச்சுருள்தான் அந்தக் காயில்.

"தானா சாகல சார். எங்க அக்கா வேலை. நாளைக்குக் கண்காட்சியிலேர்ந்து அவ பேரை எடுத்துடுங்க. நானும் ஹாஸ்டலுக்குப் போயிடறேன். இனிமே அவகூட ஒரே ரூம்ல என்னால இருக்க முடியாது."

அக்காவும் அதே கல்லூரிதான், இறுதியாண்டு. பேராசிரியருக்கு ரத்தம் கொதித்தது. ஒரு காயிலைக் கெடுப்பது அவரைப் பொறுத்தவரை குழந்தையைக் கிள்ளுவது மாதிரி. "எடுத்துட்டா போச்சு, இப்பவே எடுக்கறேன்" என்று செல்போனைத் தேடினார்.

"ஏங்க, முதல்ல அந்தப் பொண்ணை உக்காரச் சொல்லுங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

குரலுக்குரியவர் அவருடைய மனைவி. காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன கடைக்குள் நுழைந்து, தீ தானாகப் பிடித்ததா யாராவது வைத்ததா என்று சொல்வதுதான் வேலையாக இருந்தது. பேராசிரியர் அவருக்கு 'நிதானம்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். பதிலுக்கு நிதானம் எந்தப் பெயரும் வைக்கவில்லை. 'ஏங்க' என்று இழுக்கிற இழுப்பிலேயே எல்லாம் அடங்கிவிடும்.

சூடாகத் தேநீர் வந்தது. துணிப்பையிலிருந்து காயிலும் வந்தது. ஒரு முனையில் மட்டும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இனாமல் கம்பி. கம்பியின் ஆரம்பத்தில் சிவப்பு டேப், முடிவில் கறுப்பு டேப். குழாயின் ஓரத்தில் இன்னொரு சின்ன டேப் முடிச்சும் துருத்திக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றார் நிதானம்.

"அங்க கம்பி தீந்துபோச்சு மேடம், புதுசா வாங்கி ஜாயின்ட் போட்டது. மொத்தம் எண்ணூறு சுத்து. நான் பாதி சுத்தினதும் காய்ச்சல் வந்து படுத்துட்டேன். மீதியை அப்பா சுத்தி வெச்சிருந்தார்."

"அக்கா மேல ஏன் சந்தேகம்?"

"ஒரு மாசமா நாங்க பேசிக்கறதில்ல. கண்காட்சிக்குப் போன வருஷம் மாதிரி என்னோட சேராம அவ கிளாஸ் பொண்ணோட சேந்துட்டா. அன்னைக்குக் காய்ச்சல்ல கண்ணத் தெறந்தா, இந்தக் காயிலைக் கையில வெச்சிருந்தா. என்னைப் பாத்ததும் படக்குன்னு கீழ வெச்சுட்டுப் போயிட்டா." அவளுக்குக் கண் கலங்கியது. "அவளால எனக்கு எப்பவும் இம்சைதான் மேடம். ஒரே மேஜையில எழுதினாகூட என் கையை இடிச்சுக்கிட்டே இருப்பா."

பேராசிரியர் அதற்குள் சோதனைக் கருவிகளைப் பரப்பிவிட்டார். மீட்டரை வைத்தார். கம்பி எங்கும் அறுபடவில்லை. மின்தடையும் எண்ணூறு சுற்றுக்குச் சரியாக இருந்தது, ஆகவே உள்ளே இனாமல் உராய்ந்து சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் இல்லை. காந்தம் நல்ல காந்தம். மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள்ளும் வேறொரு காயிலோடு துள்ளியது. இந்தக் காயிலுக்குள் காந்தத்தை நுழைத்தால் மட்டும் முள் அசையமாட்டேன் என்று நடுவில் நின்றது. அவர் வேகமாக நுழைத்தார், வேகமாக உருவினார், மெல்லத் திட்டியும் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்ல. ஆனா வேலை செய்யல. எப்படிம்மா?" என்று மனைவியைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டா? முள் எதனால அசையுதுன்னு எனக்குப் புரியறமாதிரி சொல்லுங்க."

சொல்லவா கசக்கும்! பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காந்தம் சும்மா இருந்தா ஒண்ணும் நடக்காது. உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் காயிலுக்குள்ள காந்தப்புலம் மாறுது பாரு, அந்த மாற்றம்தான் கம்பியில மின்சாரத்தைத் தள்ளுது. ஒரு சுத்து ரொம்பக் கொஞ்சமாத்தான் தள்ளும். எண்ணூறு சுத்தும் சேந்து ஒரே பக்கமாத் தள்ளும்போது முள் நல்லா அசையும்."

"ஒரே பக்கமாத் தள்ளினாத்தானே?"

பேராசிரியர் காயிலை மறுபடி கையில் எடுத்தார்.

நிதானம் அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு, பெரியவளையும் அழைத்துக்கொண்டு வரச் சொன்னார். அரைமணி நேரத்தில் இருவரும் வந்துவிட்டார்கள். அக்கா கதவருகிலேயே நின்றாள். தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"மீதிக் காயிலை நீங்கதான் சுத்தினீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார் நிதானம்.

"நானா? சின்னவளே காய்ச்சலோட உக்காந்து முடிச்சுட்டான்னு இல்ல நெனச்சேன்!"

தங்கை திரும்பினாள். நிதானம் அவளையும் அக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு அட்டைக்குழாயும் நூலும் கொடுத்தார். "கேள்வி கேக்காம சுத்துங்க, பார்ப்போம்."

தங்கை இடது கையில் குழாயைப் பிடித்து வலது கையால் சுற்றினாள். அக்கா வலது கையில் பிடித்து இடது கையால் சுற்றினாள். நிதானம் இரண்டு குழாய்களையும் வாங்கி, அவர்கள் கை பிடிக்காத முனையைக் கணவரிடம் காட்டினார். ஒன்றில் நூல் கடிகார முள் போகிற திசையில் போயிருந்தது, மற்றதில் எதிர்த்திசையில்.

"கைப்பிடி ஒரு முனையிலதான் இருக்கு, அதனால ரெண்டு பேரும் அதே முனையத்தான் பிடிச்சாகணும். பிடிக்கிற கை மாறினா சுத்துற பக்கமும் மாறிடும். எழுதும்போது அக்கா இடிக்கறான்னு இவ சொன்னப்பவே, அவ இடது கைக்காரின்னு நெனச்சேன். காயிலோட பாத்ததா வேற சொல்றா. நானூறு இந்தப் பக்கம் தள்ளுது, நானூறு அந்தப் பக்கம் தள்ளுது. முள் பாவம், எங்க போகும்? உங்க மீட்டர் எவ்வளவு கம்பின்னு சொல்லும், எந்தப் பக்கம் சுத்தியிருக்குன்னு சொல்லுமா?"

"சொல்லாது, சொல்லவே சொல்லாது!" பேராசிரியர் டேப் முடிச்சைப் பிரித்து, இரண்டு பாதிகளையும் தனித்தனியாகச் சோதித்தார். தங்கை சுற்றிய பாதியில் முள் வலது பக்கம் துள்ளியது. அக்கா சுற்றிய பாதியில் அதே அளவு இடது பக்கம் துள்ளியது. அறுபது வயது மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடினார். அந்த ஆட்டத்தைப் பார்த்து நிதானம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

"கெடுக்கணும்னு நெனைக்கிறவங்க நானூறு சுத்தை எண்ணி இவ்வளவு நெருக்கமா சுத்தமாட்டாங்க" என்றார் நிதானம்.

"அப்ப இதை அவுத்துட்டு முழுசா நானே சுத்தணுமா சார்?" என்றாள் தங்கை. குரலில் பழைய கோபம் இல்லை.

"ஒரு சுத்துகூட அவுக்க வேண்டாம். உங்க அக்கா பாதியோட ரெண்டு முனையையும் இடம் மாத்தி ஜாயின்ட் பண்ணினாப் போதும்." அவர் இணைப்பை வெட்டி, முனைகளை மாற்றிப் பற்றவைத்தார். காந்தம் உள்ளே போனதும் முள் அளவுகோலின் ஓரத்துக்கே ஓடியது.

அப்பா எதற்கென்று தெரியாமலே கைதட்டினார். தங்கை அக்காவைப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? நான் உன்னை என்னவெல்லாம் சொல்லிட்டேன்."

"காயில் ஓடலன்னு தெரிஞ்சதும் நான்தான் ஏதோ கெடுத்துட்டேன்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?" அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேசறதே இல்ல, அப்புறம் எனக்காக எதுக்குச் சுத்தின?"

"நீ காய்ச்சல்ல பொலம்பினடி. நானூத்தி ஏழு, நானூத்தி எட்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்த. நெத்தியில ஈரத்துணி போட்டேன், நீ நிறுத்தல. தூங்குன்னு சொன்னேன், அப்பவும் நிறுத்தல. நீ பாட்டுக்கு எண்ணிட்டு இருக்க, அங்க யாரும் சுத்தாம இருந்தா எப்படி? அதான் நீ எண்ண எண்ண நான் சுத்தினேன்."

தங்கை இன்னும் நெருங்கி, அக்காவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.