பச்சைக் கை

பிற்பகல்தான். ஆனாலும் மலைச்சாலையில் மூடுபனியால் விளக்குப் போட வேண்டியிருந்தது. கணவனைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு பழுது பார்த்து வந்த வண்டியை அக்கா ஓட்டினாள். பக்கத்தில் தம்பி. வண்டி தானாகப் பிரேக் போடுவதும் ஸ்டீயரிங் திருப்புவதும் கம்பெனியில் அவன் அமைத்ததுதான். கையை எடுத்தால் வண்டி கத்தும். பிடித்திருந்தால் திரையில் ஒரு பச்சைக் கை எரியும்.

"நீயே பாருக்கா. கோட்டுக்கு நடுவுல அழகாப் போகும். அன்னைக்கு மாமாதான் வெடுக்குன்னு திருப்பிட்டாரு."

வெடுக்கென்று திருப்புகிற ஆளா அவள் கணவன்? மடியில் டீ டம்ளர் இருந்தாலும் சிந்தாமல் ஓட்டுகிறவன். தப்பு அவனுடையதா என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கமில்லை.

மழையில் ஓரம் சரியும் என்று அவன் எப்போதும் மலைச்சுவரை ஒட்டியே போவான். வண்டி விடாது, கோட்டு நடுவுக்கே இழுக்கும். ஒருநாள் சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னான்.

"மச்சான், இது போலீஸ்காரன் மாதிரி கையப் புடிச்சு இழுக்குதுடா. கொஞ்சம் குறைச்சு விடேன்."

"குறைச்சாச்சு மாமா. இனி உங்க இஷ்டம்."

சாப்பாட்டு மேசையில் இருவரும் பேசிச் சிரித்தது அவள் கண்ணில் நின்றது.

விபத்து நடந்த அந்த வளைவு வந்தது. பள்ளத்துப் பக்கம் சரிந்து பாதி ரோடு இல்லை. அதன் விளிம்புவரை வெள்ளைக் கோடு மட்டும் அப்படியே ஓடியது. அவள் சுவர்ப் பக்கம் ஒதுங்கினாள்.

ஸ்டீயரிங் பள்ளத்துப் பக்கம் இழுத்தது.

மெதுவாக. பிடிவாதமாக.

"டேய்... நீ குறைக்கவே இல்ல."

"மறுநாள் கம்பெனியில இதுக்குப் பெரிய டெஸ்ட் இருந்துச்சுக்கா. மாமாவுக்குப் பழகிடும்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன்டா பழிய அவர் தலையில போட்ட?"

"என் வேலை போயிருக்கும்க்கா."

கூடப் பிறந்தவன். பாடையைத் தூக்கிய தோள். அவள் கைகள் ஸ்டீயரிங்கிலிருந்து தாமாக நழுவின.

வண்டி கத்தவில்லை.

பச்சைக் கை எரிந்துகொண்டே இருந்தது.

கணவனுடைய ஈரச் சட்டையின் வாசனை எழுந்தது. யாரும் தொடாத ஸ்டீயரிங், அந்த இழுப்பை எதிர்த்து, சுவர்ப் பக்கம் திரும்பியது. வண்டி சுவரை உரசுகிற மாதிரி போய், அந்த விளிம்புக்கு முன்னால் சிந்தாமல் நின்றது.

அவள் இறங்கி, வந்த வழியே நடந்தாள்.

"அக்கா! நில்லுக்கா, வண்டியத் திருப்பிட்டு வரேன்!" அவன் அவள் சீட்டுக்கு நகர்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான்.

வண்டி கத்தியது. 'கையை வைக்கவும்.'

இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

'கையை வைக்கவும்.'

"வச்சிருக்கேன்... வச்சிருக்கேன் மாமா..."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் சூடு பட்டவன் போலக் கைகளை உதறி எடுத்தான்.

கத்தல் நின்றது.

பச்சைக் கை எரிந்தது.

நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. வண்டி சுவரை விட்டு விலகி, அவன் அமைத்திருந்தபடியே, கோட்டுக்கு நடுவே அழகாகக் கிளம்பியது.