அவள் பேரில் ஒரு பிடி மண்

"யோவ்... கூடையத் தொடாத! தள்ளி நில்லு!"

மாடியிலிருந்து கத்திய பிறகுதான் செல்வமேரி கீழே நிற்பவனைச் சரியாகப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்... வெயிலில் சிவந்தும் சிரிக்கிற கண்கள்.

"தொடாம தக்காளிய எப்டிம்மா போடறது? ஊதி வுடறதா?"

பெருங்களத்தூரில் இரண்டாவது மாடி வீடு அது. படுத்த படுக்கையாகிவிட்ட ரத்தினபாய் டீச்சரைப் பார்த்துக்கொள்ள வந்தவள், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். பெயிண்ட் அடிக்கிற வேலை நின்றுபோய், தள்ளுவண்டியில் காய் கொண்டுவந்தவன் கன்னியப்பன். கயிற்றில் கூடை இறங்கும், ஏறும். கூடவே பேச்சும் ஏறி இறங்கும்.

"இன்னா மேரி, இன்னிக்கு மூஞ்சி டல்லடிக்குது?"

"பாதி மூஞ்சிதான தெரியுது... உனக்கு எப்டித் தெரியும்?"

"மீதிய நான் மனசுல வரைஞ்சி வெச்சிகினுகிறேன்."

அவள் உள்ளே ஓடிவிட்டாள். இந்த நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது...

ஒரு நாள் காயோடு ஒரு முழம் மல்லிகை வந்தது. காய்கறியை முக்குகிற பழக்கத்தில், அதையும் அவன் கண்ணெதிரே சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டாள். டீச்சருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான். கீழே அந்தக் கண்களில் சிரிப்பு அணைந்தது.

"பூவக்கூடவா மேரி? என் கை அவ்ளோ அசிங்கமா?"

மறுநாளிலிருந்து அவன் வண்டி அந்தத் தெருவில் திரும்பவில்லை. கூப்பிட்டுப் பேச இவளுக்கும் வீம்பு.

டீச்சருக்குக் காய்ச்சல் கண்டது. சோதனையில் கொரோனா என்றார்கள். யாரும் வெளியே போகாதபடி கீழே தெருவாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். அந்த வாரத்திலேயே ஒரு காலையில் முடிச்சூரிலிருந்து அம்மா அழைத்தாள். அப்பா லாசரஸ், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

கூப்பிடு தூரத்து முடிச்சூர். போக வழியில்லை. கூடப்பிறந்தவர்களும் கிடையாது. காய் கேட்க வாங்கிவைத்த கன்னியப்பனின் நம்பரை அழுத்தினாள்.

"கன்னியப்பா... குழியில எங்கப்பாவுக்கு ஒரு பிடி மண்ணு... என் பேர்ல நீ போடுவியா?"

"தோ, கெளம்பிட்டேன்."

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட நனைந்தபடி கீழே தெருவில், தகரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"போட்டுட்டேன் மேரி. எங்க சாதிசனத்துல வழக்கம் வேற... அல்லாரும் போட்றதப் பாத்துப் பாத்துப் போட்டேன். உன் பேரச் சொல்லித்தான் போட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு தப்பு பண்ட்டேன். சொந்தக்காரங்கதான் உள்ள வர்லாம்னு போலீஸ்காரர் கல்லற கேட்டாண்டயே நிறுத்திட்டார். இன்னா சொல்றதுன்னு தெரியல... ஊட்டு மாப்பிள்ளன்னு சொல்லிட்டேன்."

"எங்கம்மா... கேட்டுச்சா?"

"திரும்பி என்னியே பாத்துச்சு. அப்பறம், 'ஆமா சார், வுடுங்க'ன்னுச்சு." அவன் நிமிர்ந்து பார்த்தான். "வாய் தவறிச் சொல்லல மேரி. ரொம்ப நாளா உள்ளவே கெடந்துச்சு."

மழை வெளுத்து வாங்கியது. செல்வமேரி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னது அப்பாவுக்குக் கேட்டிருக்குமா?"

"பொட்டியும் அப்ப கேட்டாண்டதான் இருந்துச்சு. பக்கத்துலதான் நின்னுகினு சொன்னேன்."

"அப்ப... அதப் பொய்யாக்கிடாத."

காலையிலிருந்து கல்லாய் நின்ற அழுகை அப்போதுதான் அவளுக்கு உடைத்துக்கொண்டு வந்தது. அவன் தேற்றவில்லை. போகவும் இல்லை. அவள் அழுது முடிக்கிறவரை மழையிலேயே நின்றிருந்தான்.