யார் பார்த்தது?

கம்பத்தில் அனுசுயாவின் தெருவில், கடைசி வீட்டுக்குப் புதிதாக ஓர் அக்கா குடிவந்திருந்தார். பெயர் கிருபாவதி, சொந்த ஊர் போடி. அதற்குமேல் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆறாம் வகுப்பு படிக்கும் அனுசுயாவுக்கு அவர்மேல் சந்தேகம். ஒருநாள் அவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து சிவப்பு மண்ணை டப்பாவில் அள்ளினார். மறுநாள் வேப்பமரத்துப் பிசினைச் சுரண்டினார். டீக்கடைக்குப் போய், டீ குடிக்காமல், அடுப்பில் படிந்த கரியைக் கேட்டு வாங்கினார். மந்திரவாதியாக இருக்குமோ? மந்திரவாதிகள் இந்த அக்காவைப் போல ஸ்கூட்டி ஓட்டுவார்களா என்பதுதான் அனுசுயாவுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபோது, அந்த அக்கா எதிர்ப் பக்கம் புளியமரத்தடியில் நின்றிருந்தார். வெளியே வரும் பிள்ளைகளைப் பார்ப்பதும் நோட்டில் எதையோ குறிப்பதுமாக இருந்தார். அனுசுயா தன்னைக் கவனிப்பதைக் கண்டதும் நோட்டைச் சட்டென்று மூடிவிட்டார்.

வழியில் விஜய்ராஜ் மாமாவின் செல்போன் கடை. அவரிடம் அனுசுயா எல்லாவற்றையும் சொன்னாள். மாமா கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மாவின் போனுக்குத் தெரு வாட்ஸப் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்தது. கிருபாவதி அக்காவின் படம், அதன் கீழே இரண்டு வரி: ‘இந்தப் பெண் மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள். உஷார்.’

அனுசுயா அதை இரண்டு முறை படித்தாள்.

“நான் மிட்டாய்னு சொல்லவே இல்லையேம்மா.”

நெருப்பில்லாமல் புகையாது என்றார் அம்மா. அந்தப் புகையைக் கிளப்பியதே தான்தானே என்று நினைத்த அனுசுயா, இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். கடைசி வீட்டுக்குப் போனாள். ஆனால் உள்ளே போகாமல், தெருவிலேயே நின்றாள். சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கிருபாவதி அக்கா துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. செய்தியைப் பார்த்த பால்காரர் காலையில் பால் ஊற்றாமலே போய்விட்டாராம்.

“அக்கா, எதுக்கு எங்களையே பாத்துப் பாத்து எழுதுறீக?” என்று கேட்டாள் அனுசுயா.

அவர் நோட்டை எடுத்து வாசலுக்கு வந்து நீட்டினார்.

அதில் எழுத்தே இல்லை. எல்லாம் படம். பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடும் ஒரு பையன். குழாயடியில் தண்ணீர் தெளித்து விளையாடும் மூன்று பேர். பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண், அனுசுயாவேதான்.

“என் மூக்கு இம்புட்டுப் பெருசா?”

“முடிக்காத படம். அதான் நீ பாத்ததும் வெக்கப்பட்டு மூடிட்டேன்” என்றார் அக்கா.

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் அவருடைய வேலை. சின்ன வயதில் அப்பாவின் ஏலக்காய்க் கடையில், அட்டைப் பெட்டிகளின் மேல் கிறுக்கிப் பழகியவர். பிறகு கம்ப்யூட்டரில் வரைந்தார். இப்போது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு புத்தகம். எந்தச் சிவப்பைப் பூசினாலும் இந்த ஊர் மண்ணின் சிவப்பு வரவில்லை. அதனால் அந்தக் காலத்தில் சுவரில் ஓவியம் வரைந்தவர்கள் செய்ததுபோல, மண்ணையே அரைத்து, துணியில் வடிகட்டி, ஊறவைத்த பிசினில் குழைத்தார். கரியிலிருந்து கறுப்பு கிடைத்தது. இந்த ஊர்த் தோட்டங்களில் விளையும் திராட்சையின் ஊதா மட்டும் அவருக்கு வசப்படவில்லை. தோலை அரைத்துப் பூசினால், காலையில் அழுக்குத் தண்ணீர் நிறமாகிவிடுகிறதாம்.

அப்போது தெருவில் காலடிச் சத்தம் கேட்டது. விஜய்ராஜ் மாமா முன்னால் வர, பத்துப் பதினைந்து பேர் பின்னால் வந்தார்கள். கிருபாவதி அக்கா ஓரடி பின்வாங்கினார்.

மாமா அனுசுயாவைத் தள்ளிப் போகச் சொன்னார். ஆனால் அவள் வாசற்படியில் ஏறி நின்றாள்.

“மாமா, மிட்டாய் குடுத்ததை யாரு பாத்தாக?”

“எல்லாரும்தான் சொல்றாக.”

“நீங்க பாத்தீகளா?”

மாமா பக்கத்தில் நின்ற சங்கிலியம்மாளைப் பார்த்தார். சங்கிலியம்மாள் தனக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். கடைசியில் எல்லோருடைய பார்வையும் சுற்றி வந்து மாமாமேலேயே நின்றது.

“மண்ணு அள்ளுனாக, எங்களைப் பாத்து எழுதுனாகன்னு நான்தான் சொன்னேன். இவுகளையே கேக்காமச் சொன்னது என் தப்பு. மிட்டாய்னு நான் சொல்லல” என்றாள் அனுசுயா. பிறகு அக்காவிடம் கேட்டு நோட்டை வாங்கிக் காட்டினாள்.

சங்கிலியம்மாள் குனிந்து பார்த்தார். “ஏத்தா, இது எங்க அஜய்குமாருல்ல! இவந்தான் பையைத் தலையில மாட்டிக்கிட்டு வருவான்.”

நோட்டு கைமாறிக்கொண்டே போனது. அவரவர் பிள்ளைகளைத் தேடினார்கள். வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மாமா தலைகுனிந்து போனை எடுத்தார். ‘தவறான தகவல் பரவியது’ என்று தட்டினார். அனுசுயா எட்டிப் பார்த்தாள்.

“அதுவாப் பரவல மாமா. ‘பாக்காமப் போட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க’ன்னு போடுங்க.”

மாமா அப்படியே போட்டார். கிருபாவதி அக்கா பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

மாலையில் மாமா ஒரு கூடை திராட்சையோடு வந்து, வெகுநேரம் நெளிந்தார். தன்னையும் வரைய முடியுமா, முன்னந்தலையில் மட்டும் கொஞ்சம் முடி சேர்த்து, என்று கேட்டார். அக்கா கொஞ்சம் தாராளமாகவே சேர்த்து வரைந்து கொடுத்தார்.

படத்தைத் தெருவே பாராட்டியது. மாமாவின் வீட்டில் மட்டும், “யாருங்க இவரு?” என்று கேட்டார்களாம்.