கொதியில் சாகாதது

"அந்தப் பால்காரனப் புடிச்சு மறியல்ல அடச்சுப் போடோணும் மிஸ். எண்ட புள்ள மவுத்தாகிட்டு."

கனமூலைக் கிராமத்து றைஸா துணி சுற்றிய விரலால் முந்தானையைத் திருகிக்கொண்டு அழுதாள். மூன்று வயது மகள் பால் குடித்த கையோடு வாந்தியெடுத்து, விடியுமுன் போய்விட்டாள். பால் கொடுத்த அருளப்புவின் மண்டையை ஊரார் உடைத்து, மாடுகளையும் வெட்டிப்போட்டார்கள். வன்னிச் சண்டையில் தப்பி வந்த மனிதர், சண்டை முடிந்த பிறகு பால் விற்று அடிவாங்கினார்.

"பால என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள் ஆய்வுகூட அதிகாரி யூஜீனியா.

"காலையில காச்சி ஆற வச்சேன். ஆடைய விரலால வழிச்சுப் புள்ளைக்கு ஊட்டினேன். பின்னேரம் திரும்பக் கொதிக்க வச்சுக் குடுத்தேன். கொதிச்சா கிருமி சாகும்தானே?"

"ஓம், சாகும்." யூஜீனியா றைஸாவின் விரல் துணியை அவிழ்த்து, சோதனைக்காகப் புண்ணில் பஞ்சை ஒற்றி எடுத்தாள்.

சுகாதாரப் பரிசோதகர் மர்ஸூக்குக்கு அது வீண்வேலையாகப் பட்டது. அவன் மனதில் அருளப்பு எப்போதோ மறியலில் அடைபட்டுவிட்டார். ஆனால் சட்டியில் மிஞ்சிய பாலைக் கிருமி வளர்க்கும் தட்டில் இட்டுப் பார்த்தால், ஒன்றும் முளைக்கவில்லை.

"பால் சுத்தம், மிஸ்!" என்றான் மர்ஸூக்.

"சுத்தமான பாலா புள்ளையக் கொன்டது?"

மறுவாரம் றைஸாவையும் அருளப்புவையும் எதிரெதிர்க் கதிரைகளில் இருத்தி, யூஜீனியா நிதானமாகச் சொன்னாள். "கிருமி கொதியில செத்துட்டுது. அது சாக முதலே கக்கின நஞ்சு சாகல்ல. அத வேற சோதனையில பிடிச்சன். அண்டைக்கு அருளப்பு ஐயாட்ட பொலிஸ் எடுத்த காச்சாத பச்சைப்பாலில அந்தக் கிருமியும் இல்ல, நஞ்சும் இல்ல. அப்ப அது முதல்தரம் காச்சினதுக்குப் பிறகுதான் பாலுக்குள்ள போயிருக்கு. ஆடை வழிச்ச விரல்ல புண். அந்தப் புண்ணில இருந்த கிருமியும் அதே நஞ்சைத்தான் கக்குது. பகல் முழுக்க சூட்டுல கிடந்த பாலில அது பெருகியிருக்கு."

இவ்வளவு நேராகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று மர்ஸூக் நினைத்தான்.

றைஸா அழவில்லை. "எண்ட மாப்பிள்ளைக்கு, புள்ளைட வாப்பாக்கு, தெரிஞ்சா என்ன உசிரோட உடமாட்டார். அறிக்கையில இவர்ட பேரே இருக்கட்டும், மிஸ். இவருக்கு இனிப் போறதுக்கு என்ன கிடக்கு?"

"என்ர மாடுகளுக்கும் பேர் இருந்தது, பிள்ளை," என்றார் அருளப்பு.

யூஜீனியா கண்டதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு அறிக்கையை மர்ஸூக்கிடம் கொடுத்தாள். வாசலில் றைஸாவின் கணவர் வெயிலில் நின்றார்.

"ஆரெண்டு கண்டுபிடிச்சிட்டீங்களா, தம்பி?"

மர்ஸூக்குக்குத் தன் உத்தியோகமே வெறுத்தது. இருந்தும் தாளை நீட்டினான்.