மெயினுக்கு முன்னால்

“ஏட்டி, மெயினுக்கு முன்னால ஆரு ஓடுவா?” என்று முத்துநாயகம் சார் கம்ப்யூட்டர் சென்டரின் முதல் வகுப்பில் கேட்டபோது, “ஒருத்தரும் இல்ல சார்” என்றாள் ரெஜிஷா. வகுப்பே சிரித்தது. சி மொழியில் நாம் எழுதும் நிரல் மெயின் என்ற பகுதியில் தொடங்குவதாகத்தான் தோன்றும். ஆனால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் நம்மைக் கேட்காமலே தன்னிடமுள்ள தொடக்கக் கோப்பு ஒன்றை அதோடு இணைத்துவிடும். முதலில் ஓடுவது அதுதான். அது கூப்பிட்டால்தான் மெயின். மெயின் முடிந்தாலும் அதனிடமே திரும்பிப் போக வேண்டும்.

இன்று பிராக்டிகல் பரீட்சை. வெளியிலிருந்து யாரும் விடை சொல்லிக்கொடுத்துவிடக் கூடாதென்று அறையை வெளியே பூட்டுவது நாகர்கோவிலில் அந்த சென்டரின் வழக்கம். முடித்த மற்ற பிள்ளைகளை வெளியே விட்டு, சார் மறுபடியும் பூட்டிப் போயிருந்தார். சன்னலுக்கு வெளியே மழை இரைந்துகொண்டிருக்க, சுவர்ப் பெயின்டுக்கு அடியிலிருந்து கரிந்த ஒயரின் வாடை மெல்லக் கசிந்து தொண்டையில் ஒட்ட, ரெஜிஷா தன் நிரலை மறுபடியும் ஓட்டினாள். விடைக்கு முன்னால், ஆங்கில எழுத்தில், அவள் எழுதாத வரி.

சார், கதவைத் திறங்க. சபிதா.

போன வருடப் பரீட்சையில் யூபிஎஸ் புகைந்தபோது இதே அறைக்குள் செத்தவள் சபிதா. சார் சாவியோடு டீ குடிக்கப் போயிருந்தார். அந்தப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு என்று சொல்லி முடித்தார்கள். சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள். பூட்டு அதே பூட்டு.

ரெஜிஷாவுக்குப் பயத்தைவிடக் கோபம் பொங்கியது. மெயினுக்குள் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். அப்போதும் அந்த வரி வந்தது. தொடக்கக் கோப்பைச் சேர்க்காதே என்று கம்பைலருக்குக் கட்டளையிட்டு, தானே ஒரு தொடக்கம் எழுதி இணைத்தாள். வரி இல்லை.

சபிதா அந்தக் கோப்புக்குள் இருக்கிறாள். மெயினுக்கு முன்னால்.

கதவை ஓங்கித் தட்டினாள். வெகுநேரம் கழித்து சார் திறந்தார். திரையைப் பார்த்தார்.

“செத்தவள வச்சு எங்கிட்ட விளையாடுகியாட்டி?”

“நான் எழுதல. அவ தட்டினப்ப நீங்க எங்க சார் இருந்தீங்க?”

சார் அவளைத் தள்ளிவிட்டு, வெறும் மெயினைத் தானே கம்பைல் செய்து ஓட்டினார். சபிதாவின் வரி. மெயின் முடிந்தது. கர்சர் துடித்தது. மூலையில் யூபிஎஸ் கீச்சிட்டது. அதன் பின்னாலிருந்து நூல்போல் புகை.

கீழே இன்னொரு வரி.

சார், கதவைத் திறங்க. ரெஜிஷா.

சார் அதை வாசித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்தார். வெளியே போனார், பழக்கப்படி பூட்டிக்கொண்டு.